ஐந்து வார லைசென்ஸும் கால் மைல் கடலும்

1999-ம் வருடம், அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதியை ஒட்டி வந்த லாங் வீக்கெண்ட். நாங்கள் அப்போது நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் ஒரு இரண்டாவது மாடி அப்பார்ட்மெண்டில் குடியிருந்தோம். நான், என் மனைவி, ஆறு வயது மகள், ஈரோட்டிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த என் அம்மா என்று மொத்தம் நாலு பேர்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒய்டூகே வேலை. இன்றைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. 1999 முடிந்து 2000 பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதிவைத்த புரோகிராமை வரி வரியாகப் படித்து, தேதி எங்கே தப்பாகும் என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் என் பிழைப்பு. அதனால் தேதி, நேரம் என்று வந்துவிட்டால் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு. இந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபண்டி விரிகுடாவைப் பற்றி ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். உலகத்திலேயே கடல் மிக அதிகமாக ஏறி இறங்குகிற இடங்களில் அது ஒன்று. காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் வெறும் தரையில் நடக்கலாம். அம்மாவுக்கு நயாகரா காட்டியாயிற்று, நியூ யார்க் காட்டியாயிற்று, இதையும் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் விரிகுடாவின் பெரும்பகுதி கனடாவில் இருக்கிறது. அம்மாவின் விசாவில் ஒருமுறைதான் உள்ளே வரலாம். எல்லையைத் தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். அதனால் அமெரிக்காவின் கோடியில், மெய்ன் மாநிலத்தில், அதே கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேயும் இருபது அடிக்குக் கடல் ஏறி இறங்கும். கரையிலிருந்து கால் மைல் தூரத்தில் ஒரு குட்டித் தீவு. தண்ணீர் இறங்கும்போது நடுவில் ஒரு சரளைக்கல் பாதை எழுந்து நிற்கும், அதில் காரிலேயே தீவுக்குப் போய் வரலாம் என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

புறப்படுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு சின்ன ஊமைச் சண்டை நடந்தது. அதைச் சொல்லாமல் இந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது.

என் மனைவி கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. அமெரிக்கா வந்த பிறகு, என் விசாவோடு ஒட்டி வந்தவள் என்பதால் வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டத் தெரியாமல் நாலு சுவருக்குள் கிடந்தாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொடுத்தேன் என்று சொல்வதைவிடத் திட்டினேன் என்று சொல்லலாம். முதல் டெஸ்டில் பேரலல் பார்க்கிங்கில், அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை இடித்தாள். இரண்டாவது டெஸ்டில் ஸ்டாப் சைனில் முழுதாக நிறுத்தவில்லை. மூன்றாவது முறை, மே மாதக் கடைசியில் பாஸ் பண்ணினாள். நான் அதைக் கொண்டாடக்கூட இல்லை. மளிகைக் கடைக்கும் மகளின் ஸ்கூலுக்கும் மட்டும் ஓட்டு, ஃப்ரீவே பக்கம் போகாதே என்று உத்தரவு போட்டேன். பயணத்துக்கு வாடகைக்கு ஒரு மினி வேன் எடுத்தபோது, இரண்டாவது டிரைவர் யார் என்று கவுண்டரில் கேட்டார்கள். அவள் கையில் லைசென்ஸோடு பக்கத்தில்தான் நின்றாள்.

நான், "நோ அதர் டிரைவர்" என்றேன்.

அவள் லைசென்ஸைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அம்மா வேறு, "அம்மிணிக்கு எதுக்கு கண்ணு இந்த வேலை, நீயே ஓட்டு" என்று எனக்கு ஒத்து ஊதினாள்.

பன்னிரண்டு மணி நேரம் நானே ஓட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். மோட்டல் கவுண்டரில் கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சடித்த ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். மறுநாள் காலை 11.05-க்குத் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் என்று போட்டிருந்தது. அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னும் பின்னும்தான் பாதை திறந்திருக்கும்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கோடையில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். கடலுக்கு அது தெரியாதே! இந்த மாதிரி அட்டவணைகளில் பழைய நேரத்தைத்தான் போடுவார்கள், கோடையில் நாம்தான் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். நம் ஊரில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேர விவகாரமே பெரிய குழப்பம். அதைப் புரிந்துகொண்டவன் என்ற பெருமையில், 11.05-ஐ அடித்து 12.05 என்று எழுதினேன். ஒன்று முப்பத்தைந்து வரைக்கும் பாதை திறந்திருக்கும் என்று கட்டமும் போட்டுவிட்டேன். மனைவி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, கவுண்டர்ல ஒருதடவை கேட்டுக்கலாமா?" என்றாள்.

"நான் பொழுதன்னிக்கும் பாக்கற வேலையே இதுதான். என்கிட்டயே டைம் பத்திச் சொல்றியா?" என்றேன்.

சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குப் பாதையின் முனைக்கு வந்தோம். அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியாது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஈரமான சரளைக்கல் ரோடு. ஓரங்களில் பழுப்புநிறப் பாசி கொத்துக் கொத்தாய்ச் சரிந்து கிடந்தது. பத்துப் பதினைந்து கார்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தன. 'எல்லாரும் அவசரக்குடுக்கைகள்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பாதை நடுவில் கொஞ்சம் தாழ்ந்து, தீவுப் பக்கம் மறுபடி உயர்ந்தது. தீவின் அடியில், சரளை அகலமாக இருந்த இடத்தில் வேனை நிறுத்தினேன். அங்கிருந்து தீவுக்குள் ஏற வேண்டுமென்றால் வழுக்குப் பாறைகளில் கால் வைத்து ஏற வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவை. மூன்று படி ஏறவே கைப்பிடி வேண்டும். அதனால் அம்மா வேனிலேயே இருக்கட்டும், கதவைத் திறந்துவைத்துக் கடலைப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

கொண்டுபோன புளிசாதத்தை அம்மாவும் மனைவியும் முதலில் சாப்பிடுவது, நானும் மகளும் தீவின் அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடுவது என்று பேசிக்கொண்டோம். அந்தக் காலத்தில் நான் கேம்கார்டர் பைத்தியம். எங்கே போனாலும் படம் பிடித்து, ஊரில் போட்டுப் பார்க்கிற மாதிரி மாற்றி, யாராவது கிளம்பினால் அவர்கள் பெட்டியில் திணித்து அனுப்பிவிடுவேன். கேமராவை எடுத்துக்கொண்டு, அம்மாவுக்கு ரேடியோ ஓடட்டும் என்று சாவியை வேனிலேயே விட்டுவிட்டு, பதினொன்றே காலுக்கு மகளோடு பாறை ஏறினேன்.

"பன்னெண்டு அஞ்சு வரைக்கும் தண்ணி இறங்கிக்கிட்டேதான் இருக்கும். ஒண்ணரை வரைக்கும் பயமே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவும் மனைவியும் பிறகு சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

சாப்பிட்டு முடித்த பிறகு மனைவி எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தண்ணீர் ஓரத்தில் கழுவி, அங்கேயே ஒரு தட்டைக் கல்லின் மேல் காயவைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுக்கப் போனால், கல்லைக் காணோம். மூடி மிதந்துகொண்டிருந்தது. மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். என் கணக்குப்படி தண்ணீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அவள் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போய், "அத்தை, தண்ணி ஏறுதுங்க" என்றிருக்கிறாள்.

"அவன் கணக்குப் போட்டா தப்பாது அம்மிணி" என்றிருக்கிறாள் அம்மா.

அவள் வாதாடவில்லை. இன்னொரு கல்லைக் குறித்து வைத்துப் பார்த்தாள். அதுவும் ஐந்து நிமிஷத்தில் மறைந்தது. பாறை ஏறி எங்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். தீவின் நடுவில் மேடும் பைன் மரக்காடும். கடலிலிருந்து வந்த காற்றின் இரைச்சலில், மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்து ஹாரனை அடித்தாள். அதுவும் கேட்கவில்லை. நடந்து வந்து எங்களைத் தேடலாம் என்றால் அம்மாவைத் தனியாக விட முடியாது. ஒவ்வொரு காராகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசியாகப் போன காரில் இருந்த பெண்மணி கண்ணாடியை இறக்கி, சீக்கிரம் கிளம்புங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் என் மனைவி எங்களுக்காகக் காத்திருந்தாள். பன்னிரண்டரை தாண்டியதும் பாதையின் தாழ்ந்த நடுப்பகுதியில் ஒரு பக்கத்துக் கடல் மறுபக்கத்துக் கடலோடு கோடு மாதிரி சேர்வதைப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் அவள் யோசித்தாள். தீவு மேடு, மரம் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்கள் முழுகமாட்டார்கள். அத்தையால் பாறை ஏற முடியாது, தன்னால் தூக்கவும் முடியாது. வேன் நிற்கிற இடம் இன்னும் கொஞ்ச நேரத்தில் கடல். தவிர, எல்லாரும் இங்கேயே மாட்டிக்கொண்டால் உதவி கேட்கக் கரையில் ஆள் இருக்காது. அப்படியென்றால் இப்போதே அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், மகளையும் புருஷனையும் விட்டுவிட்டு.

அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். எல்லாக் கண்ணாடிகளையும் கீழே இறக்கினாள். ஒருவேளை தண்ணீரில் மாட்டிக்கொண்டு கதவு திறக்காவிட்டால் ஜன்னல் வழியாக வெளியே வர வேண்டுமே! வேன் தீவைப் பார்த்து நின்றிருந்தது. முன்னால், பின்னால், முன்னால் என்று வண்டியைத் திருப்பினாள். நியூ ஜெர்சி டெஸ்டில் கே-டர்ன் என்று ஒன்று வைப்பார்கள், குறுகலான ரோட்டில் மூன்றே அசைவில் வண்டியைத் திருப்ப வேண்டும். மான்மவுத் ஜங்ஷன் பார்க்கிங் லாட்டில் அதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் எவ்வளவு கத்தியிருப்பேன்! அன்றைக்கு இரண்டு பக்கமும் கடல் இருக்க, அவள் மூன்றே அசைவில் திருப்பினாள்.

அதே நேரம் மேட்டின் மேல் நான் வந்துகொண்டிருந்தேன், கேமராவைக் கண்ணில் வைத்தபடி. ஊரில் பார்க்கப்போகிற சொந்தக்காரர்களுக்காகப் பேசிக்கொண்டே வந்தேன். "இதோ பாருங்க, இப்ப நீங்க பாக்கப் போறது கடலுக்கு நடுவுல ஒரு ரோடு..."

என் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, வேர் டிட் த ரோட் கோ?" என்றாள்.

கேமராவை இறக்கினேன். ரோட்டின் நடுவைக் காணோம். எங்களுக்கு முன்னால் கொஞ்சம் சரளை, அதற்கு அப்புறம் தண்ணீர், வெகு தூரத்தில் மறுபடி சரளை. எங்கள் வேன் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே என் அம்மா. ஓட்டுவது யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

எப்படிப் பாறையிலிருந்து இறங்கினேன் என்று தெரியாது. மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று அப்போது எனக்கு நினைவில்லை. வேன் நிற்கவில்லை. முன்சக்கரம் தண்ணீரில் இறங்கியது. வெள்ளை நுரை இரண்டு பக்கமும் ஒதுங்கியது. அது வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. ஒரே சீராக, கோடு போட்ட மாதிரி போனது.

பிறகு இதை அவளிடம் கேட்டேன். அவள் காலேஜ் படித்தபோது ஊருக்கும் காலேஜுக்கும் நடுவில் ஒரு தரைப்பாலம். மழைக்காலத்தில் அதன்மேல் தண்ணீர் ஓடும். மூன்று வருடம் அதில் மொபெட் ஓட்டிப் போய் வந்தவள். "தண்ணியப் பாத்தா தலை சுத்துமுங்க. எதிர்க்கரையைப் பாத்துக்கிட்டே, ஆக்ஸிலேட்டரை ஏத்தாம இறக்காம போயிரோணும்" என்றாள். கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. அவள் மொபெட் ஓட்டுவாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் கேட்டதே இல்லை.

வேனுக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சக்கரத்தைத் தொட்டதும் அம்மா குலசாமியைக் கூப்பிட்டிருக்கிறாள். அப்புறம் சாமியை விட்டுவிட்டு, "அம்மிணி, நீ நேராப் பாத்து ஓட்டு. தண்ணிய நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "பாதிச் சக்கரம்... பாதிச் சக்கரம்தான்... இப்பக் குறையுது, போ, போ!" என்று கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

வேன் எதிர்ப்பக்கம் ஏறியது. தண்ணீர் சொட்டச் சொட்ட மேட்டில் போய் நின்றது. நான் அப்போது செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேனால் முடிந்தது என்னால் முடியாதா என்று மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். முதலில் கணுக்கால். நாலைந்து அடியில் முழங்கால். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. முன்னால் தள்ளாமல் பக்கவாட்டில் இழுத்தது. காலுக்கடியில் கல் உருண்டது.

எதிர்க்கரையிலிருந்து ஹாரன் சத்தம் விடாமல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மனைவி வேனிலிருந்து குதித்துத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி வந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டினாள். அம்மா உள்ளே இருந்து எக்கி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"வராதீங்க! பாப்பாவைத் தூக்கிட்டு மேல போங்க! மேல போங்க!"

காற்றில் அது எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை என் தோளில் இருந்த மகள் சொன்னாள், என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே. "அப்பா, அம்மா இஸ் சேயிங் நோ! ஷீ இஸ் சேயிங் நோ!"

நான் நின்றேன். திரும்பினேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் சொன்னதை மறுபேச்சு இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் பத்தடி போயிருந்தால் என் மகள் இன்றைக்கு இருந்திருக்கமாட்டாள்.

பாறைமேல் ஏறி ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்தோம். சற்று முன் வேன் நின்ற இடம் எங்கள் கண் முன்னாலேயே மறைந்தது. அங்கே ஆளுயரத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கம்பம் நட்டிருந்தார்கள். அதன் இடுப்பு மறைந்தது, கழுத்து மறைந்தது, கடைசியில் கம்பமே இல்லை. எதிர்க்கரையில் வேன் மட்டும் தெரிந்தது. மனைவியைக் காணோம்.

சட்டைப்பையில் இருந்த துண்டுத்தாளை எடுத்துப் படித்தேன். அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. கோடைக்கால ஒரு மணி நேரம் இதில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது என்று. அடுத்தவன் எழுதியதில் ஒரு வரி விட்டுப்போனால் மேனேஜரிடம் மெயில் போட்டுச் சொல்லிக்காட்டுகிறவன் நான். அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிட்டு, பெண்டாட்டிக்கு டைம் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சின்ன மீன்பிடிப் படகு வந்தது. ஓட்டி வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு உள்ளூர்க்காரர். முன்னால் உட்கார்ந்திருந்தது என் மனைவி. சுடிதாருக்கு மேல் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட், மடியில் எவர்சில்வர் டப்பா. மகளின் டாக்டரிடம் போனில் பேசுவதற்குக்கூட, "நீங்களே பேசிருங்க, என் இங்கிலீஷ் அவங்களுக்குப் புரியாது" என்று என் கையில் போனைத் தருகிறவள் அவள். அன்றைக்கு ஈரக்காலோடு நடந்து, கொடி கட்டி, பார்பெக்யூ போட்டுக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்குள் நுழைந்து, முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு நடுவில் நின்று, புருஷனும் மகளும் தீவில் இருக்கிறார்கள், படகு வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எல்லாருக்கும் புரிந்திருக்கிறது.

படகு பாறையில் அணைந்ததும் மகளை வாங்கிக் கட்டிக்கொண்டாள். அழுதாள். பிறகு டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டி, "சாப்பிடுங்க, மணி ரெண்டரை ஆச்சு" என்றாள். எனக்குப் புளிசாதம் இறங்கவில்லை.

படகுக்காரர் திரும்பும் வழியில் பேசிக்கொண்டே வந்தார். இந்தப் பாதையில் அவ்வப்போது ஏதாவது ஒரு கார் கடலோடு போய்விடுமாம். பெரும்பாலும், இன்னும் நேரமிருக்கிறது என்று அடம்பிடிக்கிற ஆண்களின் கார். உன் மனைவியிடம் எத்தனை நாளாக ஓட்டுகிறாய் என்று கேட்டேன், ஐந்து என்றாள், ஐந்து வருடம் போல என்று நினைத்துக்கொண்டேன், ஐந்து வாரமாமே என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். என்ன கொடுத்தும் வாங்க மறுத்துவிட்டார். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த முறுக்குப் பொட்டலத்தை மட்டும் கையில் திணித்தாள், அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வேனின் அடிப்பாகத்து உப்புத் தண்ணீர் போக இரண்டு முறை கார் வாஷில் விட்டோம். பிறகு நேராக, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஏர்போர்ட்டுக்குப் போனோம். அங்கே அதே வாடகைக் கம்பெனிக்கு ஒரு கவுண்டர் இருந்தது. இரண்டாவது டிரைவரின் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றேன். லைசென்ஸ் கேட்டார்கள். அவள் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் சாவியை நீட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து ஃப்ரீவேயில் பாஸ்டனைத் தாண்டும் வரை அவள்தான் ஓட்டினாள். முன் சீட் எனக்குத்தான் என்று அம்மா முந்திக்கொண்டாள். நான் பின்னால் மகளோடு உட்கார்ந்து வந்தேன். மான்மவுத் ஜங்ஷனுக்கு வந்ததும் அம்மா ஊருக்குப் போன் போட்டாள். காலிங் கார்டில் காசு தீருகிற வரை, "என்ற மருமக கடலுக்குள்ள காரை ஓட்டுனா, தெரியுமா?" என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அம்மிணிக்கு எதுக்கு இந்த வேலை என்று கேட்டவள் அவளேதான். நான் அதை ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

இரண்டு வாரம் கழித்து, பக்கத்து பில்டிங் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடின. கதையைக் கேள்விப்பட்டு டேப்பைப் போடச் சொன்னார்கள். கேமரா அன்றைக்கு என் கையில் பட்டையோடு மாட்டிக்கிடந்ததே தவிர, நான் அதை நிறுத்தவே இல்லை. அது பாட்டுக்கு எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறது. எனக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

டிவியில் பாறை ஓடியது, வானம் ஓடியது, தலைகீழாகக் கடல் தெரிந்தது. ஒரு நொடி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற எங்கள் வேன். பின்னணியில் என் குரல். என்ன கத்தினேன் என்று நினைவில்லை என்றேனே, அது அத்தனை பேர் முன்னாலும் தெளிவாகக் கேட்டது.

"நிறுத்து! ஏ புள்ள, நிறுத்து! உனக்கு ஓட்ட வராது! அங்கயே நிறுத்து!"

நான் ரிமோட்டைத் தேடினேன். மனைவி, "இருக்கட்டுமுங்க, ஓடட்டும்" என்றாள். நண்பரின் மனைவி ஒருவர் மெல்ல, "நல்லவேளை, காத்துல இவர் கத்துனது உங்களுக்குக் கேக்கல" என்றார்.

என் மனைவி எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். டம்ளரை நீட்டியபடியே, "நல்லாக் கேட்டுச்சு. கண்ணாடியெல்லாம் இறக்கித்தானே இருந்துது" என்றாள்.

இத்தனை வருடங்களில் நான் எழுதிய எத்தனையோ புரோகிராம்கள், வாங்கிய பாராட்டுகள், எதுவும் இப்போது எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஜன்னல் திறந்திருந்தும், என் குரல் காதில் விழுந்தும், கடலுக்கு நடுவில் என் பேச்சைக் கேட்காமல் எதிர்க்கரையைப் பார்த்து ஓட்டிய ஒருத்திதான் என் மனைவி என்று சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.